பழைய மில்லிங் இயந்திரம் வீட்டுக்கு வரும் வழி

சித்தூர், திருப்பதி வட்டாரம் கோயிலுக்கும் மாம்பழத்துக்கும் பெயர்பெற்றது. இயந்திரங்களுக்கும் இங்கே குறைவில்லை. மாம்பழக்கூழ் ஆலைகள், கருங்கல்லை அறுத்து மெருகேற்றும் கூடங்கள், கரகம்பாடியில் மின்கலத் தொழிற்சாலை, திருப்பதியில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனை, தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டி என்று வரிசை நீள்கிறது. இயந்திரம் உள்ள இடத்தில் தேய்மானமும் உண்டு. ஒரு பற்சக்கரத்தின் பல் உடையும். ஒரு தண்டின் சாவிப் பள்ளம் அகன்றுபோகும். புதிய பாகம் வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை ஆலை காத்திருக்க இயலாது. அந்த வேளையில் ஆலைக்காரர் தேடி வருவது பக்கத்துத் தெருவில், வீட்டின் முன்பகுதியில் நடக்கும் சிறு பட்டறையைத்தான்.

இத்தகைய பட்டறைகளில் பெரும்பாலும் முதலில் வருவது லேத் எனப்படும் கடைசல் இயந்திரம். உருண்டையான பொருளைக் கடைய அது போதும். தட்டையான முகம் வேண்டுமென்றாலும், பள்ளம் வெட்ட வேண்டுமென்றாலும், பற்சக்கரத்துக்குப் பல் பிரிக்க வேண்டுமென்றாலும் மில்லிங் இயந்திரம் தேவைப்படுகிறது. லேத்தில் பொருள் சுழலும், உளி நகரும். மில்லிங்கில் வெட்டுக்கருவி சுழலும், பொருளைத் தாங்கிய மேசை நகரும். வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம்; ஆனால் ஒரு பட்டறை எந்த வேலையை ஏற்கலாம், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை அந்த வேறுபாடே முடிவு செய்கிறது.

புதிய இயந்திரத்தின் விலை சிறு பட்டறைக்குப் பெருஞ்சுமை. ஆகவே பலரும் பழைய இயந்திரத்தையே நாடுகின்றனர். அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, அதன் உரிமை யாருடையது என்று எவ்வாறு அறிவது, எவ்வாறு வீட்டுக்குக் கொண்டுவருவது, மொத்தச் செலவை எவ்வாறு கணக்கிடுவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பழையது என்றால் பயனற்றது அன்று

மில்லிங் இயந்திரத்தின் அடிப்படை வடிவம் நெடுங்காலம் மாறாதது. 1862-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஜோசப் பிரவுன் வடிவமைத்த இயந்திரம், துளையிடும் டிரில்லின் முறுக்குப் பள்ளங்களை வெட்டுவதற்காகப் பிறந்தது. 1938-இல் பிரிட்ஜ்போர்ட் நகரிலிருந்து வெளிவந்த, தலைப்பகுதியைச் சாய்க்கவும் திருப்பவும் கூடிய செங்குத்து இயந்திரம் உலகெங்கும் கருவிக்கூடங்களில் இடம்பிடித்தது. அதே அமைப்பில் நம் நாட்டில் செய்யப்பட்டவற்றைப் பட்டறைக்காரர்கள் எம்1டிஆர் என்று சொல்வார்கள்.

நம் நாட்டில் 1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனமும், 1961-இல் அதே நகரில் தொடங்கிய பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர் நிறுவனமும் செய்த இயந்திரங்கள் இன்றும் பல பட்டறைகளில் ஓடுகின்றன. கனமான வார்ப்பிரும்பு உடலும், கையால் சுரண்டிச் சமன்செய்யப்பட்ட தளங்களும் அவற்றின் வலிமை. பெரிய ஆலைகள் கணினி வழி இயங்கும் இயந்திரங்களுக்கு மாறும்போது இவை விற்பனைக்கு வருகின்றன. ஆலைக்கு வேகம் போதாத இயந்திரம் வீட்டுப் பட்டறைக்குத் தாராளமாகப் போதும்.

நம் வட்டாரத்தவர்க்கு இரு பெரிய சந்தைகள் அருகில் உள்ளன. மேற்கே பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை. கிழக்கே சென்னையின் அம்பத்தூர். இரண்டிலும் பழைய இயந்திர வணிகர்கள் உள்ளனர். அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கழிக்கும் இயந்திரங்கள் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் மின்னணு ஏலத்தில் வரும். கடன் திரும்பாத நிலையில் வங்கிகள் கையகப்படுத்திய இயந்திரங்களும் ஏலத்துக்கு வருவதுண்டு. ஏலத்தில் 'எங்கிருக்கிறதோ அங்கேயே, எப்படியிருக்கிறதோ அப்படியே' என்பதே விதி. எடுத்த பின் குறை சொல்ல இடமில்லை. எனவே ஏலத்துக்கு முன் பார்வையிட ஒதுக்கும் நாளை எக்காரணம் கொண்டும் தவறவிடக்கூடாது.

கையும் கண்ணும் காதும்

பழைய இயந்திரத்தைப் பார்க்கச் செல்லும்போது புதிதாக அடித்த வண்ணத்தைக் கண்டு மயங்க வேண்டாம். வண்ணம் அடிப்பது ஒருநாள் வேலை. தேய்ந்த தளத்தைச் சீர்செய்வது பல வார வேலை. அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவரை அழைத்துச் செல்வது, அவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலியைப் போலப் பலமடங்கு பணத்தைக் காப்பாற்றும். அவர் பார்க்கும் இடங்கள் இவை.

மேசை வழுக்கிச் செல்லும் தளங்களில், தொழிற்சாலையில் சுரண்டியபோது விழுந்த பிறைவடிவக் கீறல்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பார். ஓரங்களில் கீறல் இருந்து நடுவில் மழுங்கியிருந்தால், அந்த இயந்திரம் நடுப்பகுதியிலேயே நெடுங்காலம் உழைத்திருக்கிறது. மேசையை நடுவில் வைத்து ஜிப் எனப்படும் தட்டையை இறுக்கிவிட்டு, பிறகு ஓரத்துக்கு நகர்த்திப் பார்ப்பார். நடுவில் இலகுவாகவும் ஓரத்தில் இறுக்கமாகவும் நகர்ந்தால் தேய்மானம் உறுதி.

கைப்பிடியை ஒரு திசையில் சுற்றிவிட்டு எதிர்த்திசையில் திருப்பும்போது, மேசை நகரத் தொடங்கும் முன் எண்வட்டில் எத்தனை கோடுகள் வீணாகின்றன என்று எண்ணுவார். சிறிதளவு எல்லாப் பழைய இயந்திரத்திலும் இருக்கும். திருகின் நடுவிலும் ஓரத்திலும் அந்த அளவு பெரிதும் வேறுபட்டால், திருகையும் அதன் மரையையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

சுழல்தண்டைக் குறைந்தது அரைமணி நேரம் ஓடவிட்டுக் கேட்பார். சீரான ஓசை நல்லது. கரகரப்பும், கை வைக்க முடியாத சூடும் பேரிங் போய்விட்டதைச் சொல்லும். டயல் கேஜை மேசையில் நிறுத்தி, சுழல்தண்டின் உட்புறத்தைத் தொடவைத்துக் கையால் சுற்றினால், முள்ளின் ஆட்டம் உண்மையைச் சொல்லிவிடும். கூடவே, அந்த உட்புறக் கூம்பு ஆர்8 வகையா, ஐஎஸ்ஓ 40 வகையா என்று குறித்துக்கொள்ள வேண்டும். எளிதில் கிடைக்காத கூம்பாக இருந்தால், இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் அதற்குரிய பிடிப்பான்களைத் தேடி அலைய நேரும்.

வெட்டுக்கருவிகள், காலட்டுகள், வைஸ், ஆர்பர், பல் பிரிக்கும் டிவைடிங் ஹெட் ஆகியவை விலையில் சேர்ந்தவையா என்று முதலிலேயே பேசி எழுத்தில் வாங்குங்கள். இவை இல்லாத மில்லிங் இயந்திரம், பாத்திரம் இல்லாத அடுப்பு.

இயந்திரம் யாருடையது?

இதுவரை சொன்னவற்றை ஃபிட்டர் பார்த்துக்கொள்வார். இனி வருவது வங்கியாளர் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்புவது. பழைய இயந்திரம் வாங்குவோர் பெரிதும் கவனிக்கத் தவறுவதும் இதுவே.

நிலம் வாங்கும்போது நாம் அனைவரும் வில்லங்கச் சான்று கேட்கிறோம். இயந்திரம் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. ஆனால் தொழிற்கூடங்களில் நிற்கும் இயந்திரங்களில் பல, வங்கிக் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டவை. இயந்திரம் கடன் வாங்கியவரின் இடத்திலேயே இருக்கும். அவரே அதை ஓட்டிச் சம்பாதிப்பார். ஆனால் கடன் தீரும்வரை அதன்மேல் வங்கிக்கு உரிமை உண்டு. இதைத்தான் ஹைப்போதிகேஷன் என்கிறோம். பார்ப்பவர் கண்ணுக்கு அது முழுக்க அவருடைய பொருளாகவே தெரியும்.

சில காலத்துக்கு முன் சித்தூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் தந்தையுடன் கடன் கேட்டு வந்தார். ஐ.டி.ஐ. முடித்து ஒன்பது ஆண்டுகள் பிறரிடம் உழைத்தவர். வெளிமாநிலத் தொழிற்பேட்டை ஒன்றில் மூடப்படும் நிலையிலிருந்த சிறு கூடத்தில் ஒரு மில்லிங் இயந்திரத்தைப் பார்த்து, தாயின் வளையல்களை வைத்து முன்பணமும் கொடுத்திருந்தார். இயந்திரம் நன்றாக இருந்தது. விலையும் நியாயமாக இருந்தது. நாங்கள் வழக்கப்படி விற்பவரின் பெயரில் தேடிப் பார்த்தபோது, அக்கூடத்தின் எல்லா இயந்திரங்களும் வேறொரு வங்கியின் கடனுக்கு ஈடாகப் பதிவாகியிருந்தன.

இதைச் சொன்னதும் தந்தை கேட்டார்: "மெஷினு நம்ம வீட்டுக்கு வந்துட்டா அப்புறம் யார் சார் வந்து கேக்கப்போறாங்க?"

மகன் தலையைக் குனிந்தபடி, "வரமாட்டாங்கன்னு எப்படி சொல்றதுப்பா? வந்தா வளையலும் போச்சு, மெஷினும் போச்சு" என்றார்.

மகன் சொன்னதுதான் சட்டமும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை, தன்னிடம் உள்ள உரிமையைவிட மேலான உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க இயலாது என்பது. வங்கியின் ஈட்டுரிமை பதிவேட்டில் ஏறியிருந்தால், அது பொது அறிவிப்பாகவே கருதப்படும். 2020 ஜனவரி 24 முதல் இந்த விதி நடைமுறையில் உள்ளது. 'எனக்குத் தெரியாது' என்று வாங்கியவர் சொல்வது எளிதில் எடுபடாது.

அந்த இளைஞரின் கதை நல்லபடியாகவே முடிந்தது. விற்பவருடைய வங்கியின் எழுத்து மூலமான ஒப்புதலைப் பெற்று, மீதித் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் அவருடைய கடன் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தினோம். அந்த வங்கி இயந்திரத்தை ஈட்டிலிருந்து விடுவித்துக் கடிதம் கொடுத்தது. கடிதம் கைக்கு வந்த பிறகே லாரி புறப்பட்டது. கூடுதலாக மூன்று வாரங்கள் ஆயின. வளையல்கள் ஓராண்டுக்குள் வீடு திரும்பின.

நீங்களும் இவ்வாறு அறிந்துகொள்ளலாம். செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவகத்தின் இணையதளத்தில், சிறு கட்டணம் செலுத்திக் கடன்பெற்றவரின் பெயரில் எவரும் தேடலாம். விற்பவர் நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவான கம்பெனியாக இருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதன் சொத்துப் பொறுப்புகளின் பட்டியலைப் பார்க்கலாம். இரண்டும் சுத்தமாக இருந்தாலும், 'இவ்வியந்திரத்தின்மேல் எந்தக் கடனும் பொறுப்பும் இல்லை. இருந்தால் நானே பொறுப்பு' என்று விற்பவரிடம் கையெழுத்துப் பெறுங்கள். விற்பனைச் சீட்டில் இயந்திரத்தின் தயாரிப்பாளர் பெயர், வகை, உடலில் பொறித்த வரிசை எண், மோட்டாரின் எண் ஆகியவை இடம்பெற வேண்டும். 'பழைய மில்லிங் மெஷின் ஒன்று' என்று மட்டும் எழுதிய சீட்டு நாளை எதற்கும் உதவாது.

விலை வேறு, அடக்கம் வேறு

வணிகவியல் படித்தவர்களுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: ஒரு சொத்தின் அடக்கவிலை என்பது, அதை வாங்கிய விலையுடன் அது வேலை செய்யும் நிலைக்கு வரும்வரை ஆகும் எல்லாச் செலவுகளும் சேர்ந்தது. பழைய இயந்திரத்தில் இப்பாடம் கண்கூடாகத் தெரியும்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு மாதிரியைக் கொள்வோம். இயந்திரத்தின் விலை 2,00,000 ரூபாய். வணிகர் முழுவிலை மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதித்தால் 36,000. ஏற்றி, கொண்டுவந்து, இறக்கி நிறுத்த 25,000. மின்வேலைக்கு 20,000. பேரிங், திருகு மரை, எண்ணெய்க் குழாய் முதலிய பழுதுக்கு 30,000. வைஸ், காலட்டு, வெட்டுக்கருவிகளுக்கு 60,000. கூட்டினால் 3,71,000 ரூபாய். இரண்டு லட்சம் மட்டும் சேர்த்துவைத்துக்கொண்டு இறங்கியவர் பாதி வழியில் நிற்பார். வட்டிக்கு வாங்கிய இயந்திரம் வேலையில்லாமல் மூலையில் நிற்பதைவிடக் கொடியது பட்டறைக்கு வேறில்லை.

வரியில் இரு செய்திகளைக் கவனிக்க வேண்டும். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்து, முறையான பட்டியலும் இருந்தால், அந்த 36,000 ரூபாயை உள்ளீட்டு வரிக் கடனாகப் பெறலாம். பதிவு இல்லாதவர்க்கு அது முழுச் செலவு. அடுத்து, பழைய பொருள்களை மட்டுமே வாங்கி விற்கும் வணிகர், தாம் வாங்கியபோது உள்ளீட்டு வரிக் கடன் எடுக்காதிருந்தால், தம் இலாபத் தொகையின்மேல் மட்டும் வரி செலுத்தும் முறையைக் கைக்கொள்ளலாம். அவ்வாறாயின் உங்களுக்கு உள்ளீட்டு வரிக் கடன் கிடைக்காது. ஆனால் விலை குறையலாம். பேரம் பேசும்போதே எந்த முறை என்று கேட்டுவிடுங்கள்.

வருமான வரிக் கணக்கில் இயந்திரத்துக்குக் குறைந்துசெல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாள்களுக்கும் குறைவாகப் பயன்பட்டால் அதில் பாதியே கிடைக்கும். புதிய இயந்திரங்களுக்கென வைத்த கூடுதல் தேய்மானச் சலுகை பழையவற்றுக்குப் பொருந்தாது.

கடன் கேட்கும் முன்

பழைய இயந்திரத்துக்கும் கடன் உண்டு. ஆனால் வங்கி புதியதைவிடக் கூடுதலான கேள்விகள் கேட்கும். மதிப்பீட்டாளர் அல்லது பட்டயப் பொறியாளரிடமிருந்து இயந்திரத்தின் இன்றைய மதிப்பு, இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பவற்றுக்குச் சான்று கேட்கப்படும். உங்கள் கைப்பணமும் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இவற்றின் அளவு வங்கிக்கு வங்கி, திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், அதற்கு மேல் 10 லட்சம் வரை தருண் எனப் பிரிவுகள் உள்ளன. தருண் கடனை முறையாகத் திருப்பியவர்களுக்கு 20 லட்சம் வரையிலான பிரிவும் 2024-இல் சேர்ந்தது. வருமானம் ஈட்டும் தொழிலுக்கே இக்கடன். ஓய்வுபெற்ற பின் பொழுதுபோக்காகப் பட்டறை வைப்போர் இதை நாட இயலாது. முதல் படியாக உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

மேலே கண்ட மாதிரியில் 71,000 ரூபாய் கைப்பணம், 3,00,000 கடன் என்று கொள்வோம். ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டி, 36 மாதத் தவணை என்றால் மாதத்துக்குச் சுமார் 9,820 ரூபாய். மாதம் 25 வேலைநாள் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 393 ரூபாய். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மின்கட்டணம், வெட்டுக்கருவித் தேய்மானம், உங்கள் கூலி ஆகியவை போக, இயந்திரம் நாள்தோறும் இந்த 393-ஐக் கொண்டுவருமா? இப்போது வெளிப் பட்டறைக்குக் கொடுத்துச் செய்விக்கும் மில்லிங் வேலைக்கு மாதம் எவ்வளவு செலுத்துகிறீர்கள் என்ற பழைய சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். விடை 'இல்லை' என்றால், இன்னும் ஓராண்டு வெளியில் கொடுத்துச் செய்வதே அறிவுடைமை.

ஒரு டன் இரும்பை நகர்த்துவது

எம்1டிஆர் வகை இயந்திரம் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளது. ஆலைகளிலிருந்து வரும் பெரிய வகைகள் இரண்டு டன்னுக்கும் மேல் இருக்கும். 'சோட்டா ஹாத்தி' என்று நாம் அழைக்கும் சிறு வண்டி சுமார் 750 கிலோ ஏற்றவே உரியது. வாடகை குறைவு என்று அதில் ஏற்றுவது, அச்சையும் உயிரையும் ஒருங்கே பணயம் வைப்பதாகும். சுமைத்திறன் போதுமான பிக்கப் வண்டியோ, 14 அடி லாரியோ வேண்டும்.

மில்லிங் இயந்திரத்துக்கு எடை முழுவதும் மேலே. காலடி சிறிது, மோட்டாரும் தலைப்பகுதியும் உயரத்தில். அதனால் எளிதில் கவிழும். ஏற்றுமுன் மேசையை நடுவில் நிறுத்தி, அதைத் தாங்கும் நீ எனப்படும் பகுதியைக் கீழிறக்கி, எல்லாப் பூட்டுகளையும் இறுக்க வேண்டும். திருப்பக்கூடிய தலையாக இருந்தால் போல்ட்டுகளைச் சிறிது தளர்த்தி, பிடித்துக்கொண்டே தலைகீழாகத் திருப்பி மீண்டும் இறுக்கினால் எடை மையம் தாழும். தனியே கழற்றக்கூடிய மோட்டாரையும் வைஸையும் கழற்றித் தனியாக ஏற்றுவது நல்லது.

ஹைட்ரா கிரேன் கொண்டு தூக்குவதே சிறந்த முறை. வார் போட வேண்டிய இடம் உடலின் கனமான பகுதி, அல்லது தயாரிப்பாளர் கொடுத்த தூக்குவளையம். மேசை, திருகு, கைப்பிடி இவற்றில் ஒருபோதும் வார் மாட்டக்கூடாது. ஒருமுறை வளைந்த திருகு என்றும் நிமிராது. தரையிலிருந்து ஓரடி தூக்கி நிறுத்தி, சாய்கிறதா என்று பார்த்த பிறகே மேலே தூக்க வேண்டும். தொங்கும் இயந்திரத்தின் கீழோ, அது விழக்கூடிய பக்கத்திலோ எவரும் நிற்கலாகாது. சாயும் இயந்திரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்க ஓடுவது இயல்பான உணர்ச்சி. ஆனால் ஒரு டன் இரும்பு மனித பலத்துக்கு அடங்காது. 'விழுந்தால் விட்டுவிட்டு விலகுங்கள்' என்று வேலையாள்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

வண்டியில் இயந்திரத்தை முன்பக்கச் சுவரை ஒட்டி, மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, நான்கு திசையிலும் ராட்செட் வாரால் இழுத்துக் கட்ட வேண்டும். தளங்களில் கிரீஸ் பூசித் தார்ப்பாயால் மூடுங்கள்.

வழியும் தாளும்

பெங்களூரிலிருந்து சித்தூர் சுமார் 180 கிலோமீட்டர். கோலார், முல்பாகல், பலமனேர் தாண்டி பங்காருபாளையத்தை நோக்கி இறங்கும்போது மொகிலி மலைச்சாலை வரும். விபத்துகளுக்குப் பெயர்போன அந்த இறக்கத்தில், தலைக்கனமான சுமையுடன் இரவில் இறங்க வேண்டாம். பகலில், தாழ்ந்த கியரில் இறங்குமாறு ஓட்டுநரிடம் சொல்லுங்கள். சென்னையிலிருந்து திருப்பதிக்கு வருவோர் திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக ரேணிகுண்டாவை அடையலாம். இவ்வழியில் மலையிறக்கத் தொல்லை இல்லை.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒருநாள் வீதம் அது செல்லும். எனவே மேற்சொன்ன இரு பயணங்களும் ஒருநாள் அனுமதிக்குள் அடங்கும். ஆனால் கிரேனுக்காகக் காத்திருந்து பொழுது போய்விட்டால் காலாவதி நேரத்தைக் கவனிக்க வேண்டும். பதிவு பெற்ற வணிகர் தாமே இ-வே பில் எடுத்துத் தருவார். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரும் தம் பெயரில் எடுத்துக்கொள்ள வசதி உண்டு. விற்பனைப் பட்டியல், இ-வே பில், லாரி ரசீது மூன்றும் ஓட்டுநரிடம் இருக்கட்டும்.

வழியில் சேதம் நேர்ந்தால் லாரிக்காரர் முழுத்தொகையையும் தருவார் என்று நம்ப வேண்டாம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் விதிகளின்படி, அதிக மதிப்பை முன்கூட்டி அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்தாதவரை, போக்குவரத்தாளரின் பொறுப்பு லாரி வாடகையின் பத்து மடங்கு என்ற வரம்புக்கு உட்பட்டது. வாடகை 9,000 என்றால் வரம்பு 90,000. இரண்டு லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு இது போதாது. ஆகவே ஒரே பயணத்துக்கான காப்பீடு எடுப்பது சாலச் சிறந்தது. பழைய இயந்திரங்களுக்குத் துரு, கீறல், உட்பழுது போன்றவற்றைக் காப்பீட்டு நிறுவனங்கள் விலக்குவது வழக்கம். எனவே ஏற்றுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலில்

இயந்திரம் வருமுன் வீட்டை அளந்தீர்களா? மூன்றடி அகல வாசலும் ஏழடி உயர நிலையும் போதாமல் போவதுண்டு. தெருமுனையில் தாழ்வான மின்கம்பி இருந்தால் ஹைட்ராவின் கை உயராது. உள்ளே நகர்த்த, இரும்புக் குழாய் உருளைகளும் இரண்டு கடப்பாரைகளும் பொறுமையும் போதும். தரை கெட்டியான கான்கிரீட்டாக, தரைத்தளத்தில் இருக்க வேண்டும். ஓட்டுக்கல்லும் டைல்ஸும் இவ்வெடையைத் தாங்கா.

மின்சாரம் அடுத்த கேள்வி. இவ்வியந்திரங்களின் மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட் மூன்று ஃபேஸ். வீட்டில் இருப்பதோ 230 வோல்ட் ஒரு ஃபேஸ். சிறிய மோட்டாராக இருந்தால் வி.எஃப்.டி. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு ஃபேஸை மூன்றாக மாற்றித் தரும். ஆனால் அதன் வெளியீடும் 230 வோல்ட்தான். அதற்கேற்ப மோட்டாரின் சுற்றுகளை ஸ்டார் இணைப்பிலிருந்து டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். மோட்டார்ப் பெட்டியில் ஆறு முனைகள் இருந்தால் இது எளிது. மூன்றே இருந்தால் ரீவைண்டிங் கடைக்குச் செல்ல வேண்டியிருக்கும்.

தொழிலுக்காக இயக்குவதாயின், திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின்பகிர்மானக் கழகத்திடம் உரிய வகை இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற பயன்பாடு. கண்டறிந்தால் உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு விதிக்கப்படும். நல்ல எர்த்திங் இல்லாமல் ஒருநாளும் இயக்க வேண்டாம். வீட்டுக்கு எடுத்த காப்பீடு தொழில் இயந்திரத்தையும் காக்கும் என்று எண்ணாமல், தனிக் காப்பீடு பெறுங்கள்.

வீட்டுப் பட்டறையின் பெரிய ஆபத்து, அது வீட்டில் இருப்பதுதான். பள்ளி விட்டு வரும் குழந்தை நேராக அப்பாவிடம் ஓடிவரும். எனவே பட்டறைக்கும் வீட்டுக்கும் இடையே தாழிடும் கதவு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மெயின் சுவிட்ச், கைக்கெட்டும் இடத்தில் அவசர நிறுத்து பொத்தான் ஆகிய மூன்றும் இருந்த பிறகே இயந்திரம் சுழல வேண்டும். சுழலும் வெட்டுக்கருவியின் அருகில் கையுறை அணியக்கூடாது. அது கையையும் சேர்த்து இழுத்துவிடும். தொங்கும் துண்டு, வேட்டி, தளர்ந்த சட்டைக்கை எதுவும் ஆகாது. கண்ணாடி கட்டாயம். இரும்புச் சுருளைத் தூரிகையால் தள்ளுங்கள், விரலால் அன்று.

முறையாகத் தேர்ந்து, முறையாக வாங்கி, முறையாக நிறுத்திய பழைய இயந்திரம் அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும். அதற்கு முதல் தேவை அவசரமின்மை. முன்பணம் கொடுக்கும் முன்னரே விற்பவரின் பெயர், முகவரி, இயந்திரத்தின் வரிசை எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு உங்கள் வங்கிக் கிளைக்கு ஒருமுறை வாருங்கள். கடன் வாங்குவீர்களோ இல்லையோ, ஈட்டுப் பதிவை எங்கே, எவ்வாறு தேடுவது என்று காட்டித்தர எங்களுக்குச் சில நிமிடங்கள் போதும்.